படம் முடியுமுன் எழுந்து வந்தவர்கள்

திரையிலிருந்து வந்த வெளிச்சத்தில் என் கை தெரிந்ததுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. ஒன்பது வயதுக் கை. ராயபுரத்தில் அப்போது இருந்த ஒரு சினிமா கொட்டகையில், வலது பக்கச் சுவரோரமாக, திரைக்கு மிகவும் பக்கத்தில் இரண்டு இடங்கள் உண்டு. கழுத்து வலிக்கும் என்று அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். நானும் அக்காவும் அங்கேதான் உட்காருவோம். அங்கே உட்கார்ந்தால் திரையின் வெளிச்சம் வழிந்து மடி வரைக்கும் வரும். படத்தில் பகல் வந்தால் என் கை வெள்ளையாகத் தெரியும். படத்தில் இருட்டு வந்தால் கை மறைந்துபோகும், கதையும் நின்றுபோகும். அக்கா பொறுக்காமல் என் முட்டியில் தட்டுவாள். கொஞ்சம் பொறு என்று அவள் உள்ளங்கையில் விரலால் ஒரு கோடு இழுப்பேன். மறுபடி வெளிச்சம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து சொல்லுவேன்.

பிள்ளைகளா, அந்த அக்காதான் உங்கள் அத்தை. அவள் போய் நாற்பது நாள் ஆகிறது. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இப்டி ஒரு தம்பி யாருக்குக் கெடைப்பான், கடசி வரிக்கும் வச்சி காப்பாத்துனான்" என்று சொன்னதை நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று கேட்டீர்கள். நான் தலையை நிமிர்த்தவில்லை. அழுகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். பாப்பா, நீ என்னிடம் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். உன் பள்ளிக்கூடத்தில் பழைய பேசாத படம் ஒன்றைப் போட்டுக் காட்டிய அன்று, "பேச்சே இல்லாம ஜனங்க எப்டிப்பா கதை புரிஞ்சிக்கினாங்க?" என்று கேட்டாய். அதற்கு முன்பு, தை மாதம் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில், "அத்த ஏம்பா உன்ன தள்ளிட்டு என்ன கூப்ட்டாங்க?" என்று கேட்டாய். இரண்டுக்கும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எட்டாவது வரைக்கும் படித்தவன், எழுத்தில் தப்பு இருக்கும். விஷயத்தில் தப்பு இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

அக்காவுக்கு ஆறு வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கினபோது காதும் போயிருந்தது. எனக்கு அப்போது இரண்டு வயது. ஆகவே நான் பேசக் கற்றுக்கொண்டதே பாதி வாயில், பாதி கையில். காது கேளாதவர்கள் பள்ளியில் ஐந்தாவது வரைக்கும் படித்தாள். அப்புறம் அப்பா இறந்துபோனார். அக்கா மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் இறால் உரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. அன்று மேட்னி அவள் உரிமை. வாரம் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை வைத்து விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிருக்கும். அந்தக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

நான் அவளுக்குக் கதை சொல்லும்போது பின்னாலிருந்து கத்துவார்கள். "டேய், கைய கீழ எட்றா! ஹீரோ மூஞ்சி மேல உன் வெரலு டான்ஸ் ஆடுது!" கொட்டகை முழுக்கச் சிரிக்கும். அக்காவுக்கு அது கேட்காது. எல்லாரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்பாள். படத்தில் காமெடி என்று சொல்லுவேன். அவளும் சிரிப்பாள். திரையில் அப்போது யாராவது அழுதுகொண்டிருப்பார்கள்.

டிக்கெட் கிழிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். கையில் எப்போதும் டார்ச் இருக்கும், டார்ச் மாமா என்போம். அவர்தான் ஒரு நாள் இடைவேளையில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எங்க நைனா சொல்லுவாரு. அந்தக் காலத்துல படம் பேசாது. தெர பக்கத்துல ஒர்த்தன் நின்னுகினு கதை சொல்லுவானாம். அவன் இன்னா சொல்றானோ அதான் கதை. ராஜா வாய அசைச்சா, 'மகனே, நாட்ட உனக்குத் தரேன்'னுவான். நெஜமா ராஜா இன்னா சொன்னான்னு எவனுக்குத் தெரியும்? ஜனம் நம்பும். அப்பால படமே பேச ஆரம்பிச்சிச்சி. அவன் வேல பூட்ச்சி." பிறகு என் தலையில் டார்ச்சால் மெல்லத் தட்டி, "உனக்கு அந்த பேஜார் இல்ல நைனா. உங்க அக்காவுக்குப் படம் எப்பவும் பேசாது. உன் வேல போவவே போவாது" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. பாப்பா, உன் முதல் கேள்விக்கு அவர் சொன்னதுதான் பதில். ஜனங்கள் கதையைப் புரிந்துகொள்ளவில்லை. சொல்கிறவனை நம்பினார்கள்.

ஒரு படத்தில் தாய் செத்துப்போகிறாள். நான் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். அக்கா இரண்டு நாள் சோறு தொடவில்லை. எங்கள் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "அதுக்கு சாவுற கதையெல்லாம் இன்னாத்துக்குடா சொல்ற? காது தான் இல்ல, மனசுமா இல்ல?" அன்றையிலிருந்து நான் கதையை மாற்ற ஆரம்பித்தேன். பேச்சை மாற்றுவது சுலபம். "உன்னை வெறுக்கிறேன்" என்று திரையில் சொன்னால், "கோபமாக இருக்கிறேன், சாயங்காலம் சரியாகிவிடும்" என்று கையில் சொல்லுவேன். ஆனால் சாவைக் கண்ணால் பார்த்துவிடுவாளே, அதை எப்படி மாற்றுவது? அதற்கும் வழி கண்டுபிடித்தேன். டீக்கடையில் நின்று, ஏற்கெனவே பார்த்தவர்களிடம் கடைசியில் யாராவது சாகிறார்களா என்று கேட்டு வைத்துக்கொள்வேன். சாகிற படமாக இருந்தால், முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போதே இரண்டு உள்ளங்கையையும் புத்தகம் மூடுவதுபோல மூடுவேன். படம் முடிந்தது என்று அர்த்தம். எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்களே என்று அவள் கேட்டால், அடுத்த ஆட்டத்துக்கு இடம் பிடித்திருக்கிறார்கள் என்பேன். டார்ச் மாமா வாசலில் சிரிப்பார். "இன்னா நைனா, கடசி ரீலு உங்களுக்கு ஆவாதா?"

வெளியே வெயில் கண்ணைக் குத்தும். மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்ப் பத்தை வாங்கிக்கொண்டு கல்மண்டபம் வரைக்கும் நடப்போம். நடக்கும்போதுதான் மீதிக் கதை. நான் சொல்லும் முடிவில் யாரும் சாக மாட்டார்கள். நோயாளி எழுந்து உட்காருவாள். காணாமல்போன அண்ணன் கப்பலில் வந்து நம் துறைமுகத்திலேயே இறங்குவான். எந்த ஊர்க் கதையாக இருந்தாலும் கப்பல் நம் துறைமுகத்துக்குத்தான் வரும். அக்கா மாங்காயைக் கடித்துக்கொண்டே என் கையைப் பார்த்து நடப்பாள். எதிரே வருகிறவர்கள் மேல் மோதுவாள். பத்து வருடம் இப்படி ஓடியது.

எனக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது எங்களுக்கு இரண்டு வரிசை பின்னால் ஒருவர் ஞாயிறு தவறாமல் வந்து உட்கார ஆரம்பித்தார். ஒரு நாள் இருட்டில் பெரிய குரலில், "யப்பா தம்பி, கைய கொஞ்சம் ஒசத்தி புடி, எனக்கும் ஒண்ணும் புரில!" என்றார். கொட்டகையே சிரித்தது. பிறகு வெளியே வந்து அவரே சொன்னார். எண்ணூர் பக்கம் ஒரு பட்டறையில் இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து வளைக்கிற வேலை. பத்து வருடத்தில் பாதிக் காது போய்விட்டது. மீதிக் காதில் சினிமாப் பேச்செல்லாம் இரைச்சலாகத்தான் விழும். என் கையைப் பார்த்துத்தான் கதையைப் பிடிக்கிறாராம். நான் கையை மூடினால் அவரும் எழுந்து வந்துவிடுவார். "படம் முடியலன்னு தெரியும் நைனா. ஆனா நீ சொல்ற முடிவு நல்லாகீது" என்பார். கல்மண்டபம் வரைக்கும் பத்தடி பின்னால் நடந்து வருவார், என் கையைப் பார்த்துக்கொண்டு.

அக்கா அவருக்கு ஒரு பெயர் வைத்தாள். ஒரு கை முஷ்டியால் மற்றக் கையில் தட்டுவது. சம்மட்டிக்காரர். அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் தட்டுகிற தட்டு நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டு வந்தது. முதலில் சம்மட்டி மாதிரி அடித்தவள், பிறகு கதவு தட்டுகிற மாதிரி தட்டினாள். நான் கவனித்தேன். கவனிக்காத மாதிரி இருந்தேன்.

அந்த வருடம்தான் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் வாயும் போயிற்று. அம்மாவைக் கழுவுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அக்கா. விடியுமுன் அதைச் செய்துவிட்டு இறால் கொட்டகைக்குப் போவாள். எனக்கு நிலையான வேலை இல்லை. கூப்பிட்டால் போவேன். அவள் கையில்தான் எங்கள் வீடு நின்றது என்று சொன்னால் அது கதை இல்லை.

வைகாசி மாதம், ஒரு ஞாயிறு காலை. சம்மட்டிக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். புதுச் சட்டை, மடிப்பு கலையவில்லை. கையில் ஒரு பையில் ஆப்பிள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. காது மந்தமானவர்கள் மெதுவாகப் பேச மாட்டார்கள். அவர் சொன்னதை எங்கள் வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டது.

"எனக்கு மேல கேக்கறதுக்கு யாரும் இல்ல நைனா. வடக்கே ஒரு எடத்துல வேல குடுக்கறாங்க, ரயில்ல ரெண்டு நாள் போவணும். தங்க வூடும் உண்டு. உங்க அக்காவ கட்டிக்கினு இட்டுகினு போலாம்னு கீறேன். எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம். அவங்களுக்குக் காது கேக்காது, எனக்குப் பாதி கேக்காது. ரெண்டு பேருக்கும் சண்டையே வராது பாரு." பக்கத்து வீட்டுப் பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ உள்ள போயி கேட்டுனு வா. அவங்க வேணாம்னா வேணாம். ஆனா அவங்க இஷ்டம் இன்னான்னு எனக்குத் தெரியணும்."

நான் உள்ளே போனேன். நாலு எட்டுதான் இருக்கும். திரைச்சீலைக்குப் பின்னால் அக்கா டம்ளரில் டீ ஊற்றி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். புடவை மாற்றியிருந்தாள். எப்போது மாற்றினாள் என்று தெரியவில்லை. அம்மா பாயில் கிடந்து என்னைப் பார்த்தாள். அக்கா முஷ்டியால் உள்ளங்கையைத் தொட்டாள். தட்டக்கூட இல்லை, தொட்டாள். என்ன சொல்கிறார்?

பிள்ளைகளா, அந்த நேரத்தில் எனக்கு அக்கா தெரியவில்லை. அம்மாவின் பாய்தான் தெரிந்தது. இரண்டு நாள் ரயில் தெரிந்தது. நாளைக்கு விடியும்போது அம்மாவை யார் கழுவுவது என்பது தெரிந்தது. என் கை தானாக எழுந்தது. பத்து வருடம் கதையை மாற்றிப் பழகின கை. அவருக்குப் பேசத் தெரிந்த பெண்தான் வேண்டுமாம் என்று சொன்னேன். நீ மனதில் ஏதாவது நினைத்திருந்தால் மறந்துவிடச் சொல்லிவிட்டுப் போக வந்தாராம்.

அக்கா டம்ளரைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: அதைச் சொல்லவா புதுச் சட்டை?

நல்ல மனுஷர், நேரில் சொல்வதுதான் மரியாதை என்று வந்திருக்கிறார், என்றேன். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று.

வெளியே வந்து அவரிடம், "அக்காவுக்கு இஷ்டம் இல்லியாம்ணா. அம்மாவ வுட்டுட்டு வராதாம்" என்றேன். அவர் என் முகத்தை வெகு நேரம் பார்த்தார். நான் முடிவை மாற்றுகிறவன் என்று அவருக்குத் தெரியும். சந்தேகம் வந்திருக்கலாம். ஆனால் கேட்கவில்லை. ஆப்பிள் பையை வாசற்படியில் வைத்தார். அப்போது ஜன்னல் பக்கம் பார்த்தார். அக்கா ஜன்னலில் நின்றிருந்தாள். அவருக்கு எங்கள் கைப் பேச்சில் சொந்தமாகச் சொல்லத் தெரிந்தது கொஞ்சம்தான். இரண்டு உள்ளங்கையையும் ஒன்றாகச் சேர்த்து மூடிக் காட்டினார். முடிந்தது. பிறகு போய்விட்டார். அவள் தன்னை வேண்டாம் என்றதாக நினைத்து அவர் அதைச் சொன்னார். அவர் தன்னை வேண்டாம் என்றதாக நினைத்து அவள் அதைப் பார்த்தாள். நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

வரிசை வீட்டில் எல்லாருக்கும் நடந்தது தெரியும். "இன்னாடா, நல்ல மாப்ளய அனுப்பிட்டீங்க?" என்று கேட்டார்கள். "அக்கா வேணான்னுச்சி" என்றேன். அக்காவிடம் போய்க் கேட்க அவர்களில் யாருக்கும் கை தெரியாது. அம்மா எல்லாவற்றையும் காதால் கேட்டாள். அம்மாவுக்கு வாய் இல்லை, கையும் இல்லை. அன்று அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் செய்தது சரி என்றா, தப்பு என்றா, எதற்காகத் திருப்பினாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மூன்று வருடம் கழித்து அம்மா போனாள். அதற்குப் பிறகு அக்காவைக் கேட்டு எவரும் வரவில்லை.

மற்றது உங்களுக்குத் தெரிந்த கதை. எனக்கு எண்ணூரில் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிற வேலை கிடைத்தது, உங்கள் அம்மா வந்தாள், காலடிப்பேட்டைக்குக் குடி வந்தோம், நீங்கள் பிறந்தீர்கள். பாப்பா, உனக்குப் பேச்சு வருமுன் கை வந்தது. பசிக்கிறது என்று முதலில் அத்தையிடம் கையால்தான் சொன்னாய். தம்பி அத்தை மடியை விட்டு இறங்க மாட்டான். அந்த மடி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் கேட்டதில்லை. நான் அதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன ஆடி மாதம், நீதான் அத்தையின் போனில் படம் ஓடும்போது பேச்செல்லாம் கீழே தமிழ் எழுத்தில் வரும்படி வைத்துக் கொடுத்தாய். அன்று அவள் முகம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஐந்தாவது படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஒரு வரி வந்ததும் படத்தை நிறுத்துவாள், விரல் வைத்துப் படிப்பாள், மறுபடி ஓட்டுவாள். ஒரு படம் பார்க்க நாலு நாள் ஆகும். அவளுக்கு அப்போது ஐம்பது வயது. அந்த வயதில் முதல் தடவையாகப் படம் அவளிடம் நேராகப் பேசியது.

புதுப் படம் ஒன்றும் அவள் கேட்கவில்லை. நாங்கள் சேர்ந்து பார்த்த பழைய படங்களைத்தான் தேடித் தரச் சொன்னாள். முதல் படம் முடிந்த அன்று ஓடி வந்து என் முதுகில் அடித்தாள். அந்த அண்ணன் செத்துப்போகிறான், நீ கப்பலில் வரவைத்தாயே! நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். "அப்பா ஃபிராடு" என்று தம்பி கையால் சொன்னான். நானும் சிரித்தேன். இரண்டாவது படத்துக்கும் சிரித்தாள், கொஞ்சம் குறைவாக. மூன்றாவது படம் முடிந்த பிறகு சிரிக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவள் எங்கே வந்து சேர்வாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு காலை. நீங்கள் டியூஷன் போயிருந்தீர்கள், உங்கள் அம்மா கடைக்குப் போயிருந்தாள். அக்கா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, செதில் ஒட்டின முஷ்டியால் உள்ளங்கையைத் தட்டினாள். இருபத்தேழு வருடமாக நான் பார்க்காத பெயர்.

அன்றைக்கு அவர் என்ன சொன்னார்?

மறுபடி பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கதைக்குக் கீழே எழுத்து ஓடாது. அவர் சொன்னதைக் கேட்ட வரிசை வீட்டுக்காரர்களுக்குக் கை தெரியாது, அம்மாவும் இல்லை. ஆனால் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், என் ஒன்பது வயதில் பார்த்த மாதிரியே. என்னால் முடியவில்லை. அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். காது கேட்காதது, பாதி கேட்காதது, சண்டையே வராது என்று அவர் சொன்னதையும் சொன்னேன். அந்த இடத்தில் அவள் உதடு லேசாக விரிந்தது. சிரிப்புதான். அவர் சொன்ன நகைச்சுவைக்கு அவள் அன்றுதான் சிரித்தாள்.

என்னிடம் ஏன் செய்தாய் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில் வைத்திருந்தேன், அம்மாவைச் சொல்லலாம் என்று. அவள் கேட்டது வேறு. அவரிடம் என்ன சொன்னாய்?

நீ வேண்டாம் என்றதாகச் சொன்னேன்.

அதுவரைக்கும் தாங்கினவள் அதைத் தாங்கவில்லை. அவளுக்கு அழத் தெரியும், சத்தம் வராது. இரண்டு உள்ளங்கையையும் மெல்லச் சேர்த்து மூடினாள், ஜன்னலுக்கு வெளியே அவர் செய்த மாதிரி. பிறகு சொன்னாள்: நான் வேண்டாம் என்று சொன்னதாக நினைத்துக்கொண்டா ரயில் ஏறினார்?

அவ்வளவுதான். மீதி மீனையும் ஆய்ந்து முடித்தாள். அன்று மத்தியானம் குழம்பு வைத்து எனக்கும் போட்டாள். ஆனால் அன்றையிலிருந்து அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கடைக்காரர் என்ன சொல்கிறார், டிவியில் என்ன, வாசலில் வந்தவர் யார், எல்லாம் உன்னிடம் கேட்டாள், இல்லையென்றால் தம்பியிடம். அத்தைக்கு உங்கள் மேல் பாசம் கூடிவிட்டது என்று உங்கள் அம்மா சொன்னாள். நான் இரண்டு ஞாயிறு எண்ணூருக்கும், இரும்புப் பட்டறைகள் உள்ள பெரம்பூருக்கும் போய் அவரைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று விசாரித்தேன். அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் அடுக்கியிருக்கிறது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போயிருக்கிறேன். அவர் பெயர் சொன்னால் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. தேடினேன் என்று சொன்னால் அதுவும் அவளைச் சமாதானப்படுத்துகிற கதை மாதிரி இருக்கும்.

அதற்குப் பிறகு அவளுக்கு வயிற்று வலி வந்தது. தை மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டு டாக்டர் அறைக்கு நாம் மூன்று பேரும் போனோம். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு யார் சொல்லுவாங்க?" என்று கேட்டார். வழக்கமாக நான்தான். ஒரு அடி முன்னால் வைத்தேன். அக்கா என் மார்பில் உள்ளங்கையை வைத்தாள். ஏன் தள்ளினாள் என்று நீ கேட்டாய். தள்ளவில்லை பாப்பா. வைத்தாள், அவ்வளவுதான். நான்தான் நகர்ந்தேன். உன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தனக்கு நேராக நிறுத்திக்கொண்டாள்.

வயிற்றில் கட்டி, பரவிவிட்டது, அறுத்து எடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். நீ சொன்னாய். உனக்குப் பதினாலு வயது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கை நிற்கவில்லை. ஒரு சொல்லைக்கூட நீ மெதுவாக்கவில்லை. அக்கா கேட்டாள்: எவ்வளவு நாள்?

நீ டாக்டரிடம் கேட்டாய். அவர் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சின்னப் பொண்ணு, அவங்களுக்கும் இப்பவே தெரிய வேண்டாமே. மருந்து குடுத்துப் பாக்கலாம்னு சொல்லிட்டு நீங்க மட்டும் வெளியில வாங்க, நான் சொல்றேன்" என்றார். அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் உதடு அசைந்தது, என் கண் உன் பக்கம் போனது, எல்லாவற்றையும் பார்த்தாள்.

"இல்ல சார்" என்றேன். "எங்க அக்கா கேக்குது. இங்கியே சொல்லுங்க. என் பொண்ணு சொல்லும்."

அவர் உன் பக்கம் திரும்பினார். "மூணு மாசம். கூடவும் இருக்கலாம்."

நீ என் முகத்தைப் பார்த்தாய். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் தலையை ஆட்டவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். நீ மூன்று விரலை நீட்டினாய்.

அக்கா அந்த மூன்று விரலையும் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். உன் பரீட்சை எப்போது என்று கேட்டாள். அதற்குள் முடிந்துவிடும் என்றாய். சரி என்று உன் கன்னத்தைத் துடைத்தாள். அவள் சொன்னபடியே இருந்தாள். உன் கடைசிப் பரீட்சை முடிந்து பன்னிரண்டாம் நாள் போனாள்.

என்னை அவள் மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொன்னாலும் எனக்குப் பிடித்த மாதிரி மாற்றித்தான் புரிந்துகொண்டிருப்பேன். ஆகவே உங்களுக்கும் அதைச் சொல்ல முடியவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். அன்று ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து, மருந்துச் சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, ரோட்டோரம் நின்றாள். உன்னைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டாள்.

பஸ்ஸா, ஆட்டோவா?

பஸ்ஸில் இந்த நேரத்துக்கு உட்கார இடம் கிடைக்காது, நின்றுகொண்டுதான் போக வேண்டும், காலடிப்பேட்டை போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும், உனக்கு வலிக்கும், என்றேன். எல்லாம் உண்மை.

பஸ் என்றாள். பஸ்ஸில் வந்தோம்.